இல்லாத நாய்க்கு ஆமாம்

பிப்ரவரி 13

அத்தைக்கு,

செய்தி வந்தது மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டீர்கள். இப்போது எழுதுகிறேன்.

மருந்துக் கம்பெனியில் இருந்தேன். அவர்களுடைய தராசுகளைச் சரிபார்க்கும் வேலை. தராசில் எடைக்கல்லை வைத்தால் எண் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும். நிற்பதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். அதனால்தான் கடிகாரம் கண்முன்னே இருந்தது. போலீஸ் உங்கள் மகள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சொல்லி, கடை முதலாளி என் ஆபீசுக்குச் சொல்லி, ஆபீஸ் இந்தக் கம்பெனிக்குச் சொல்லி, கடைசியில் ஒரு குமாஸ்தா எடை அறைக் கதவைத் தட்டினார். "சார், கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றார். கையில் இருந்த கல்லைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுத்தான் வெளியே போனேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை.

நடந்தது இரண்டு இருபதுக்கு என்று போலீஸ் எழுதியிருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிடம் அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ் போகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கண் எப்படி இருக்கிறது? வெயிலில் அலைய வேண்டாம்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி நாம் கடிதத்திலேயே பேசிக்கொள்வோம். போனில் நான் பத்து நிமிடம் பேசினால் நீங்கள் நாலு தடவை "ம்" என்கிறீர்கள். சுவரோடு பேசுவது எனக்குப் புதிதல்ல, உங்கள் மாமனாரோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். ஆனால் சுவர் "ம்" என்று சொன்னால் பயமாக இருக்கிறது.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது ஒன்று. நேரம் கேட்டேன், சொன்னீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டேனே, அவள் அந்த நேரத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று?

ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவளைத் திட்டிவிட்டேன். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கண் பார்க்கிறாள், பெற்றவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக மட்டும் ஆறு மாசமாக நாள் தள்ளுகிறாள் என்று எனக்கு ஆத்திரம். "வந்தா நாளைக்கே வா. இல்லேன்னா நான் செத்தப்புறம் வா"ன்னு சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மேம்பாலத்துக்குக் கீழே, விபத்து நடந்த அந்த நாலு சாலைச் சந்திப்பில் இடது பக்கம் திரும்பினால் பஸ் நிலையம். அங்கே வண்டியைப் போட்டுவிட்டுத்தான் அவள் என் ஊருக்குப் பஸ் ஏறுவாள். அவளுக்கு அன்று வேறு என்ன வேலை அந்தப் பக்கம்? சொல்லுங்கள். கையில் மாற்றுத் துணி இருந்ததா? பையில் என்னென்ன இருந்தது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சட்டை காலரைத் துவைத்துப் போடுங்கள், அவள் இல்லை என்று ஊருக்குக் காலர் சொல்ல வேண்டாம்.

உங்கள் அத்தை


மார்ச் 9

அத்தைக்கு வணக்கம்.

பையில் இருந்தவை: மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி இரண்டு. பேனா. பாதி குடித்த தண்ணீர் பாட்டில். சின்ன ஸ்க்ரூ டிரைவர், கண்ணாடிச் சட்டம் முடுக்குவது. தலைவலி மாத்திரை. சீப்பு. கடைச் சாவி. மாற்றுத் துணி இல்லை.

வேலைக்குப் போய்வருகிறேன். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்கும் கம்பத்தைச் சரிபார்த்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமோ தெரியாது. "எல்லாரும் வளர்ந்துட்டாங்க சார், இனிமே என்ன பண்றது?" என்றார் டிரில் வாத்தியார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களா? குறித்தால் சொல்லுங்கள், லீவு போட்டு வருகிறேன். காலரைத் துவைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்ததற்கு நலம்தான். பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் எழுதினீர்கள். எங்கே போனாள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். ஒருவேளை உங்களுக்கும் தெரியாதோ? தெரியாது என்றாவது எழுதியிருக்கலாம்.

இப்போது நான் கேட்கப்போவதற்குச் சிரிக்கக் கூடாது. டி.வி.யில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் வருகிறாரே, செத்துப்போனவர்களோடு பேசுகிறவர், அவர் அடுத்த மாதம் எங்கள் ஊர் மன்றத்துக்கு வருகிறார். மாடிவீட்டு டீச்சர் போன வருடம் வேறு ஊரில் போய்ப் பார்த்தாளாம். அவள் புருஷன் வந்து, பீரோ சாவி எங்கே என்று சொன்னானாம். "சாவி கிடைச்சுதா?"ன்னு கேட்டேன். "பீரோவையே வித்துட்டோமே"ங்கிறாள். இந்த லட்சணம் எனக்கும் தெரிகிறது. ஆனாலும் போக வேண்டும் போல இருக்கிறது.

முப்பத்தோரு வருடம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதினேன். பொய்ச்சாட்சி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். எனக்குத் தெரியாதா? ஆனால் வேறு சாட்சி இல்லாதபோது கோர்ட்டே அவனைத்தானே கூண்டில் ஏற்றுகிறது.

கம்ப்யூட்டரில் பதிவு செய்யணுமாம். என் கண்ணுக்கு அந்த எழுத்தெல்லாம் எறும்பு. நீங்களே பதிந்து, நீங்களும் வாருங்கள். நம்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உங்கள் அத்தை


மார்ச் 31

அத்தைக்கு வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு இடம் பதிந்துவிட்டேன். உங்களுக்குக் கீழே நாலாவது வரிசை, எனக்கு மாடியில் கடைசி வரிசை. சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. நான் நேரே மன்றத்துக்கு வந்துவிடுகிறேன்.

பதியும்போது ஒரு படிவம் கேட்டது. யாரைப் பறிகொடுத்தீர்கள், என்ன உறவு, எப்படிப் போனார், அவருக்குப் பிடித்தது என்ன, செல்லப்பிராணி உண்டா. 'ஐயா இதைப் பார்க்க மாட்டார், பிரார்த்தனைக்கு மட்டும்' என்று கீழே எழுதியிருந்தது. நிரப்பி அனுப்பினேன்.

எங்கள் வேலை மிகவும் சின்னது அத்தை. ஒரு தராசு உண்மை சொல்கிறதா என்று அதையே கேட்க முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு எடையை அதற்குத் தெரியாமல் வைக்க வேண்டும். என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நம்பி வரவில்லை. நீங்கள் கூப்பிட்டதால் வருகிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 22

அத்தைக்கு வணக்கம்.

நிகழ்ச்சி முடிந்ததும் உங்களைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். மன்னியுங்கள். உங்களைச் சுற்றி ஆட்கள் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் வந்து என்ன சொல்வது?

நான் பார்த்ததை எழுதுகிறேன். வாசலில் ஊதா சட்டை போட்ட பெண்கள் காகிதக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டே வந்தார்கள். "யாருக்காக வந்திருக்கீங்க? எப்படிப் போனாங்க?" என்று பாசமாகக் கேட்டார்கள். என்னிடமும் கேட்டாள் ஒருத்தி. "மழைக்கு ஒதுங்கினேன்" என்றேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரீஷியன். மனைவி இழுத்து வந்திருக்கிறாள். "எங்கப்பா உசுரோட இருந்தப்பவே என்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்ல. இப்ப மட்டும் மைக் வச்சா பேசிடுவாராக்கும்?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் நோட்டை எடுத்து இரண்டு பத்தி பிரித்தேன். கோட்டுக்காரர் சொல்வதில் பலித்தது ஒரு பக்கம், பலிக்காதது ஒரு பக்கம். "நீங்க பத்திரிகையா?" என்றார். தராசு பார்க்கிறவன் என்றேன். "இந்த ஆளை எடை போடுங்க, நான் விளக்கு எரியுதான்னு பார்க்கிறேன்" என்று சாய்ந்துகொண்டார்.

இரண்டு மணி நேரத்தில் அறுபத்தொன்று சொன்னார். நாற்பத்தேழு தப்பு. தப்பானதை யாரும் கவனிக்கவில்லை, அவர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். நாற்பதாவதோ என்னவோ, "ஒரு அப்பா நிக்கிறார். கோவக்காரர். பாசம் இருந்தும் வாய்விட்டுச் சொல்லாதவர்" என்றார். பாதி மன்றம் கையைத் தூக்கியது. பக்கத்தில் பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் கையும் மேலே இருந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு உங்களிடம் வந்தார். உங்கள் மகள் பக்கத்தில் ஒரு பழுப்பு நாய் நிற்கிறது என்றார். நீங்கள் "ஆமாங்க" என்றீர்கள்.

அத்தை, அந்த நாயை எழுதினது நான். படிவத்தில். 'சின்ன வயதில் பழுப்பு நாய் வளர்த்தாள், அது செத்த பிறகு ஒரு வாரம் சாப்பிடவில்லை' என்று எழுதினேன். நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடுகிறவள் அவள். உங்களுக்கும் தெரியும். அவர் படிவத்தைப் படித்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார். இதற்கு மேல் சோதனை வேண்டாம். அவர் சொன்னது எதையும் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். எதையுமே.

நீங்கள் அழுததை மாடியிலிருந்து பார்த்தேன். அதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

மாப்பிள்ளை


மே 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் மாடிவீட்டு டீச்சரும்.

நீங்கள் மேலே கோடு போட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் கீழே சும்மாவா இருந்தேன்? எதிரே ஒரு ஆள் பேசினால் என் கை எழுதாமல் இருக்காது. நோட்டைக் கண்ணுக்கு இத்தனை கிட்டத்தில் பிடித்து எழுதினேன். மைக் கொடுத்து எழுப்பியபோது மட்டும் எழுத முடியவில்லை. உட்கார்ந்த கையோடு எழுதிவிட்டேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. படியுங்கள்:

அவர்: ஒரு சின்ன வயசுப் பொண்ணு தெரியுறா. திடுதிப்புன்னு போயிட்டா.
நான்: என் பொண்ணுங்க. ரோட்டுல போயிட்டா.
அவர்: ஆமா, ரோடு தெரியுது. வண்டி தெரியுது. பக்கத்துல ஒரு பழுப்பு நாய். சின்னதுல வளர்த்தது.
நான்: ஆமாங்க.
அவர்: உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு துடிக்கிறா.
நான்: அன்னைக்கு அவ என்னைப் பார்க்கவா வந்துகிட்டிருந்தா?
அவர்: ஆமாம்மா. உங்களைப் பார்க்கத்தான். உங்க மேல கோவமே இல்லைங்கிறா.
(கைதட்டல்.)

கோர்ட்டில் இப்படி நடந்தால் எதிர்க்கட்சி வக்கீல் மேசையைத் தட்டி எழுந்திருப்பார். கேள்வியும் நான், பதிலும் நான். அந்த மனுஷன் செய்தது ஒரு "ஆமாம்மா".

நாயைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கு நாய் என்றால் நடுக்கம் என்று எனக்குத் தெரியாதா? இவர் நாய் என்றதுமே மாப்பிள்ளை வேலை இது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஏன் ஆமாம் சொன்னேன் தெரியுமா? முன்வரிசையில் ஒருத்தி "இல்லீங்க, எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லீங்க" என்றாள். உடனே மைக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நானும் இல்லை என்றால் என் கேள்வியைக் கேட்காமலே உட்கார வேண்டியதுதான். அதனால் இல்லாத நாய்க்கு ஆமாம் போட்டேன். முப்பத்தோரு வருடத்தில் பார்த்த பொய்ச்சாட்சிகளோடு நானும் சேர்ந்தேன்.

நாய் பொய். ஒத்துக்கொண்டேன். அப்படியானால் அடுத்து அவர் சொன்னதும் பொய்யா? அவள் என்னைப் பார்க்க வரவில்லையா? ஒரு தராசு தப்பு என்று சொல்கிறவன் சரியான எடையையும் சொல்ல வேண்டாமா? நீங்கள் "எதையும்" என்று எழுதி, அது போதாமல் "எதையுமே" என்று இன்னொரு தடவை எழுதியிருக்கிறீர்கள். தெரியாதவன் அப்படி எழுத மாட்டான்.

சாப்பிடுகிறீர்களா? மாடியிலிருந்து இறங்கிப் போகும்போது பார்த்தேன். தோளில் சட்டை தொங்குகிறது.

உங்கள் அத்தை


மே 12

அத்தைக்கு வணக்கம். இங்கே வேலை கொஞ்சம் அதிகம். சிமெண்ட் ஆலையில் லாரி எடை மேடை பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். நாள் முழுக்கத் தூசி. திரும்பி வந்ததும் விரிவாக எழுதுகிறேன். கண் டாக்டரைப் பார்த்தீர்களா?

மாப்பிள்ளை


ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. சிமெண்ட் ஆலையில் லாரிகள் தீர்ந்தபாடில்லை போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தில் வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கண் அநேகமாக மூடிவிட்டது. போன வாரம் ஆபரேஷனுக்குப் படுக்கை தயார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கண்ணுக்காகத்தானே அவளைத் திட்டினேன். இந்தக் கண்ணுக்காகத்தானே கிளம்பினாள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பார்க்கப்போகிறேன்? டாக்டர் திட்டினார். டீச்சர் அழுதாள். "எதுக்கு இந்தப் பிடிவாதம்? போனவ வந்து கேட்டாளா?" என்றாள். "ஆமா, வந்தா. என்னைப் பார்க்கத்தான் கிளம்பினேன்னு ஆயிரம் பேர் முன்னாடி சொன்னா"ன்னேன்.

கோட்டுக்காரர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச வைப்பாராம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பொய்யர் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கேட்டால் பதில் சொல்கிறார். அதற்கே போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை


ஜூன் 7

அத்தைக்கு,

அவரிடம் போக வேண்டாம். நான் சொல்கிறேன்.

அவள் உங்களைப் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்க வந்தாள். நான்தான் வரச்சொன்னேன்.

நாங்கள் கொண்டுபோகும் எடைக்கற்களுக்கு ஒரு சான்றிதழ்க் கோப்பு உண்டு. இந்தக் கல் இத்தனை கிராம்தான் என்று மேலிடத்தில் கொடுத்தது. அது இல்லாமல் நான் போடும் கையெழுத்து செல்லாது. அன்று கற்களை எடுத்துக்கொண்டேன், கோப்பைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டேன். கம்பெனி கேட்டில் நின்று பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மணி ஒன்று இருபத்தைந்து. அவளுக்குப் போன் செய்தேன்.

"ஐயாவுக்குத் தராசு தப்பு பண்ணா கோவம் வரும். தான் தப்பு பண்ணா பொண்டாட்டி வரணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு கிழவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தாளாம். முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். நான் போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போய், கோப்பு வருவதற்குள் முன்வேலைகளை முடித்துவிடலாம் என்று தராசைத் துடைத்து, கற்களை வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சந்திப்பில் இடது பக்கம் பஸ் நிலையம். நேரே போனால் கம்பெனி. அவள் நேரே போய்க்கொண்டிருந்தாள்.

நாளைக்கு வருகிறேன் என்று கம்பெனிக்காரர்களிடம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கம். இத்தனை வருடத்தில் கோப்பை மறந்ததில்லை, மறந்தேன் என்று ஆபீசுக்குத் தெரியக்கூடாது. அதற்காகத்தான் அவளை வரச்சொன்னேன். வேறு காரணமே இல்லை.

பையில் இருந்தவற்றை எழுதினேனே, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். கோப்பு. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வாரம் இன்னொருவர் அதே கோப்போடு போய் அந்த வேலையை முடித்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் உங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தது தெரிந்தும் சொல்லவில்லை. கடிதம் எழுதும்போதெல்லாம் இன்று சொல்லிவிடலாம் என்று பேனாவை எடுப்பேன். பிறகு தராசைப் பற்றி எழுதிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்லாமல் வைத்திருந்தேன். அதைச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டிவரும் என்று பயம். நீங்கள் திட்டிய அன்று சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள்: "அம்மா செம்மையா வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு. வாங்கட்டும், அது சத்தம் போட்டாத்தான் எனக்கு நிம்மதி. அமைதியா இருந்தாத்தான் பயமா இருக்கும்." அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்குவதாக இருந்தாள். கடையில் லீவு வாங்கிவிட்டாள். லீவுச் சீட்டை முதலாளி என்னிடம் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். கோபம் இல்லை என்பதற்குக் கோட்டுக்காரர் தேவையில்லை. அவள் கையெழுத்து இருக்கிறது.

கண்ணைத் திறந்துகொள்ளுங்கள் அத்தை. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

நீங்கள் இனி எனக்கு எழுத வேண்டியதில்லை.


ஜூலை 18

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் பதிலில் உங்களை "நீ" என்று எழுதியிருந்தேன். அதனால் கிழித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். படித்ததும் முதலில் வந்தது நிம்மதி. என்னால் இல்லை, என்னால் இல்லை என்று அடுப்படியில் நின்று சத்தமாகச் சொன்னேன். பெண்ணைப் பறிகொடுத்தவள் இப்படியும் நிம்மதிப்படுவாளா என்று பிறகு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் உங்கள் மேல் கோபம் வந்தது. வரச்சொன்னதற்கு இல்லை. வண்டி இருந்தால் எல்லாப் பெண்டாட்டியும் எடுத்துக்கொண்டு ஓடத்தான் செய்வாள், எனக்கே உங்கள் மாமனார் டிபன் பாக்ஸ் தூக்க வைத்திருக்கிறார். ஐந்து மாதம் என்னை அந்த எண்ணத்தோடு படுத்து எழுந்திருக்க விட்டீர்களே, அதற்குக் கோபம். அது இன்னும் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை எழுதவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று எழுதவும் வரவில்லை.

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. டீச்சர்தான் கூட இருந்தாள். கட்டை அவிழ்த்ததும் முதலில் அவள் முகம்தான் தெரிந்தது. "ஐயோ, உனக்கு இவ்வளவு வயசாயிடுச்சா!" என்றேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு லீவுச் சீட்டைப் படித்தேன். 'அம்மாவின் கண் சிகிச்சைக்காக' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்ன செய்வது?

கோட்டுக்காரர் ஆபீசில் மறுபடி கூப்பிட்டார்கள். "விசாரணை முடிஞ்சு போச்சு தம்பி, கேஸ் கட்டைக் கட்டியாச்சு"ன்னு சொல்லிவிட்டேன். படிவத்தில் இருப்பது உங்கள் நம்பர்தானே, இனி உங்களைப் பிடிப்பார்கள்.

எழுத வேண்டியதில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? அதைச் சொல்ல வேண்டியவள் நான். ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வாருங்கள். சமாதானம் பேச வேண்டாம், அழவும் வேண்டாம். எதிரே வந்து உட்காருங்கள். கண்ணில் படாத ஆள் மேல் நான் எத்தனை நாள்தான் கோபப்பட்டுக்கொண்டிருப்பது?

சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம்.

அத்தை


ஜூலை 23

அத்தைக்கு வணக்கம்.

கண் நன்றாகத் தெரிவதில் சந்தோஷம். நாள் தவறாமல் மருந்து விடுங்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒன்பதரைக்கு உங்கள் தெருவில் இருப்பேன்.

நீங்கள் சொன்னபடியே கோட்டுக்காரர் ஆபீஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் அழுத காட்சியை விளம்பரத்தில் போட அனுமதி கேட்டார்கள். முடியாது என்றேன். நாய் கதையையும் சொன்னேன். போனில் பேசிய பெண் ஏதோ காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சார், உங்க வீட்டம்மா உங்ககிட்ட இன்னும் ஏதோ சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்காங்கன்னு ஐயா சொல்றார்" என்றாள். வைத்துவிட்டேன். நேற்று மட்டும் ஆறு தடவை மணி அடித்தது.

ஆறு தடவையும் எடுத்தேன் அத்தை. ஏன் என்று உங்களிடம்தான் சொல்ல முடியும். அவள் எங்கே கிளம்பினாலும், போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்வாள். "வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அன்றைக்கு அது வரவில்லை. அன்றிலிருந்து இந்தப் போன் ஒரு நிமிடம்கூட அணைந்ததில்லை. ராத்திரி தலைமாட்டில் சார்ஜில் கிடக்கும். கம்பெனி கேட்டில் வாங்கி வைக்கும் காவலாளியிடம், "அணைச்சிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டுத்தான் உள்ளே போவேன். மணி அடித்தால், நம்பரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு அரை விநாடி, அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன். மாடியில் உட்கார்ந்து நாற்பத்தேழு தப்புக் கோடு போட்டவன் இப்படி. அந்த மன்றத்தில் கையைத் தூக்காமல் இருந்தவர்களில் ரொம்ப நம்பிக்கையோடு வந்திருந்தவன் நான்தான் என்று தோன்றுகிறது.

அவள் போய்ச் சேரவில்லை. அதனால் சொல்லவில்லை. இதை எழுதிப் பார்க்க எனக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் தாமதமானாலும் பயப்பட வேண்டாம், வந்துவிடுவேன். கூப்பிட்டுப் பார்க்காதீர்கள், கிடைக்காது. இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கு முன்பே போனை அணைத்துவிட்டேன்.